மாப்பிள்ளை போட்ட சாட்சிக் கையெழுத்து

களியக்காவிளையில் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாடு-கேரள எல்லை என்று ஒன்று கிடையாது. இந்தப் பக்கம் விளவங்கோடு, அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை, இரண்டுமே பழைய திருவிதாங்கூர் சமஸ்தானம். அந்த சமஸ்தானம் 1916-இல் கிறிஸ்தவர்களுக்குப் போட்ட வாரிசுச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். ஸ்திரீதனம் என்று அதற்குப் பெயர். கல்யாணத்தில் அதைக் கொடுத்தாயிற்று என்றால், கொடுப்பதாகச் சொல்லியிருந்தால்கூட, வேறு பங்கு இல்லை.

விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்தச் சட்டம் செல்லுமா என்பதில் குழப்பம் தீரவில்லை. 1970-களில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் செல்லாது என்றது, இன்னொன்றில் செல்லும் என்றது. கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம்தான் முடிவு கட்டியது: 1951 ஏப்ரல் 1 முதலே 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், மகனும் மகளும் சமம்.

ஆனால் அந்தச் சமம் உயில் இல்லாத சொத்துக்குத்தான். உயிலில் மகளை விட்டுவிடத் தகப்பனுக்கு அன்றும் உரிமை இருந்தது, இன்றும் இருக்கிறது. அப்படி விடுகிறவர்களைப் பற்றிப் பேச்சு நிறைய உண்டு. மகளுக்குக் கொடுக்க நினைத்தும் கொடுக்க முடியாமல் போகிற தகப்பனைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

இருபது சென்ட் ரப்பர் தோட்டத்தை மகள் பேருக்கு எழுதுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சாட்சிக்கு ஆள் தேடுகிறார். பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கிறார், போடு மக்கா கையெழுத்தை என்கிறார். உயில் எழுதுகிறவர் இந்து என்றால் அதனால் மட்டும் எதுவும் கெடாது. கிறிஸ்தவர் என்றால் வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு குறுக்கே வரும். சாட்சிக்கோ, சாட்சியின் மனைவிக்கோ கணவனுக்கோ எழுதியது செல்லாது. உயில் நிற்கும், மகளுக்கான தோட்டம் மட்டும் போய்விடும்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத கிறிஸ்தவப் பையன் வீட்டை அம்மாவுக்கு எழுதிவைக்கிறான். ஊருக்கு வந்து தாலி கட்டியதும் அந்த உயில் ரத்து, 69-ஆம் பிரிவு. இதுவும் இந்துக்களுக்குக் கிடையாது. ஒரே தெருவில் இரண்டு சட்டம் ஓடும் ஊரில், பக்கத்து வீட்டு உயிலின் நகலை வைத்துப் பெயரை மாற்றி எழுதுவது எவ்வளவு ஆபத்து என்று பத்திரம் எழுதுகிறவர்களாவது சொல்ல வேண்டும்.

பதிவு செய்தால் கவலை இல்லை என்பது இன்னொரு நம்பிக்கை. உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம். பதிவு செய்வது நல்லதுதான். அதற்காகச் சந்தேகம் தீர்ந்துவிடாது. சொத்தை வாங்கப்போகிற மகனே எழுத்தரை அழைத்து வந்து, முன்னின்று எழுதவைத்திருந்தால், சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு அவனுடையது என்று 1959-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வழக்கு என்று வந்தால், உயிரோடு இருக்கிற சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் ஏறிச் சொல்ல வேண்டும். அப்பாவின் வயதையொத்த கூட்டாளிகள் இருவரைச் சாட்சி வைப்பது மரியாதையாக இருக்கலாம். அப்பா போய்ப் பத்து வருஷம் கழித்து வழக்கு வரும்போது அவர்கள் இருப்பார்களா? பங்கில் சம்பந்தமில்லாத, ஐம்பதைத் தாண்டாத, கூப்பிட்டால் குழித்துறை நீதிமன்றத்துக்கு வந்துபோகக்கூடிய இருவர் போதும்.