ஓர் உடல், மூன்று சீட்டுகள்

காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வரும் என்பதை அறியாதார் இன்று குறைவு. காசநோய் என்று கண்டவுடன் எச்.ஐ.வி. சோதனையும் செய்வது நம் அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. மகிழ்ச்சியே. ஆனால், இவ்விரண்டோடு ஓசையின்றி வந்து ஒட்டிக்கொள்ளும் மூன்றாம் பகையை மறந்துவிடுகிறோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களையே சொல்கிறேன்.

எச்.ஐ.வி. செல்லும் பாதைகளே இவற்றுக்கும் பாதை. மணிப்பூரில் போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொண்டோரிடையே எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் ஒரே ஊசிவழி பரவின.

கல்லீரல் பொறுமை மிக்கது. பல ஆண்டுகள் வாய் திறவாது. அதன்மேல் காசநோய் மருந்துகளை ஏற்றுகிறோம். ஐசோநியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் உயிர் காப்பவை. மூன்றும் ஈரலைச் சோதிப்பவை. வைரஸ் முன்பே அரித்த ஈரலானால் தீங்கு நேரும் வாய்ப்பு இன்னும் மிகுதி. கண் மஞ்சளித்தால் மருத்துவர் மருந்தை நிறுத்துகிறார். நோயாளியோ கீழாநெல்லி அரைத்துக் குடிக்க ஊருக்குப் போய்விடுகிறார். (கீழாநெல்லியை நான் இகழவில்லை. ஹெபடைடிஸ் பி-க்கு அது பயன்படும் என்று சென்னை ஆய்வாளர்களே 1988-இல் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகள் பல அதை உறுதி செய்யவில்லை.) அதற்குள் காசநோய் மீண்டும் தலைதூக்குகிறது.

இன்னொன்று கேளுங்கள். எச்.ஐ.வி.க்குத் தரும் டெனோபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்க வல்லவை. நன்மைதான். ஆனால், உள்ளே பி இருப்பது தெரியாமல் அம்மருந்துகளை நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வைரஸ் சீறி எழும். ஈரல் செயலிழக்கவும் கூடும்.

மருந்துக்குப் பஞ்சமா? இல்லை. 2018 ஜூலை 28-இல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். ஹெபடைடிஸ் சி-யைப் பெரும்பாலோர்க்குப் 12 வாரங்களில் குணப்படுத்திவிடலாம். எச்.ஐ.வி. உள்ளவர்க்கு இச்சோதனை வேண்டும் என்று திட்டமே கூறுகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. காசநோய்க்கு ஒரு திட்டம், எச்.ஐ.வி.க்கு ஒரு திட்டம், ஈரலுக்கு ஒரு திட்டம். மூன்று வரிசை, மூன்று சீட்டு. தினக்கூலி வாங்குபவர் மூன்று நாள் கூலியை இழந்து மூன்றாம் வரிசையிலும் நிற்பார் என்று எதிர்பார்ப்பது அதிகாரிகளுக்கு எளிது.

காசநோய் மருந்து தொடங்கும்போது, எச்.ஐ.வி.க்காக எடுக்கும் அதே இரத்தத்தில் பி, சி இரண்டையும் பார்த்துவிட வேண்டும். நாடெங்கும், எவர்க்கும் விலக்கின்றி. செலவு கூடும் என்பார்கள். ஈரல் பழுதாகி மாதக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் செலவை அவர்கள் எந்த ஏட்டில் எழுதுகிறார்கள்?

முன்கூட்டியே அறிவதால் வேறு பயனும் உண்டு. சோபோஸ்புவிர் முதலிய ஹெபடைடிஸ் சி மருந்துகளின் வலிமையை ரிபாம்பிசின் குறைத்துவிடும். ஆகவே, காசநோய் மருத்துவம் நடக்கும் ஆறு மாதமும் பெரும்பாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆறு மாதம் கழித்து அவரை எந்த ஊரில் போய்த் தேடுவது? முதல் நாளே அவருடைய காசநோய்ச் சீட்டில் இதையும் எழுதி வைத்தால், கடைசி மாத்திரையை வாங்க வரும் அன்றே அடுத்த வரிசைக்குக் கையோடு அழைத்துச் சென்றுவிடலாம்.