படிவத்தோடு முடியும் பொறுப்பு

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு வயிற்றுளைவோ நெருப்புக்காய்ச்சலோ கண்டால், வைத்தியர் 'ஹெல்த் 544' படிவத்தை நிரப்புகிறார். அது சுகாதார வைத்திய அதிகாரியிடம் போகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வருகிறார். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் நுவரெலியாவுக்கு நேரே ஓர் எண் கூடுகிறது. அத்தோடு சரி. காய்ச்சல் விட்ட பிள்ளைக்குப் படித்தது மனதில் நிற்கிறதா, பேச்சு வயதுக்கு ஏற்றபடி வருகிறதா என்று பார்க்க அந்தப் படிவத்தில் இடமில்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கடும் வயிற்றுத் தொற்று வயிற்றோடு நிற்பதில்லை. சிகெல்லா கிருமி சிறு பிள்ளைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். ஈ.கோலையின் சில வகைகள் கக்கும் நஞ்சு சிறுநீரகத்தையும் மூளையையும் சேர்த்துத் தாக்கும். 2011இல் ஜேர்மனியில் முளைவிட்ட வெந்தயம் வழியே அந்தக் கிருமி பரவியபோது, நோய் முற்றியவர்களில் பலர் பேச்சுக் குழறி, வலிப்பு கண்டு கிடந்தார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பிரேசிலின் ஃபோர்தலேசா நகரத்துச் சேரியில் கிடைத்தது. முதல் இரண்டு வயதுக்குள் அடிக்கடி வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகள், பள்ளிக்கூட வயதில் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். குடலின் உட்சுவர் கெட்டால் உண்டது உடம்பில் சேராது. மூளை மளமளவென்று வளரும் காலத்திலேயே அந்தப் பட்டினி நேர்கிறது.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 வீதம். நுவரெலியாவில் 32 வீதம். இந்தப் பிள்ளைகள்தாம் பின்னாளில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உட்கார்கிறார்கள். புள்ளி குறைந்தால் 'மக்கு' என்று பெயர் வைத்துவிடுகிறோம். பீலித் தண்ணீரையும், அதற்கு மேட்டில் இருக்கும் மலக்குழியையும் யாரும் பேசுவதில்லை.

சுகாதார அமைச்சு உடனே செய்ய வேண்டியது இது: வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல் போன்ற நோயால் ஆஸ்பத்திரியில் தங்கிய ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளையையும் பள்ளிக்கூடம் சேரும் வரை குடும்பநல உத்தியோகத்தர் தொடர்ந்து பார்க்க வேண்டும், வளர்ச்சி, பேச்சு, நினைவாற்றல் எல்லாவற்றையும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆளணி போதாது என்றால் நியமியுங்கள். அம்மா மலையில் கொழுந்து பறிக்கும்போது பிள்ளை குடிப்பது பிள்ளைக் காம்பராவின் தண்ணீரைத்தான். 1992இல் தோட்டங்களைப் பொறுப்பெடுத்த கம்பனிகள் அந்தத் தண்ணீரை மாதந்தோறும் பரிசோதித்து, முடிவைக் காம்பரா வாசலிலேயே தமிழில் ஒட்ட வேண்டும்.