கைக்குழந்தைக்கு விடாத மூக்கடைப்பு: சளி சிரப் ஏன் கூடாது? வீட்டில் என்ன செய்யலாம்?

ராத்திரி 2 மணி. மூன்று மாதக் குழந்தை பால் குடிக்க வாய் வைக்கிறது. இரண்டு மடக்கு உறிஞ்சியதுமே மூச்சு முட்டி, வாயை எடுத்துவிட்டு வீறிட்டு அழுகிறது. மூக்குக்குள் 'கர்... கர்...' என்று சத்தம். "நாலு நாளா இப்படித்தான் இருக்கு. ஒரு சிரப் குடுத்தா சரியாயிடும்ல?" என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். விடிந்ததும் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "சின்னக் குழந்தைக்கு சளி மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்கி வருவதும் பல வீடுகளில் வழக்கம்தான்.

2025 அக்டோபருக்குப் பிறகு அந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. சளி, காய்ச்சல் என்று போன குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

அந்த மருந்து தடை செய்யப்பட்டுவிட்டது, ஆலை மூடப்பட்டுவிட்டது. ஆனால் குழந்தையின் மூக்கு இன்னும் அடைத்துக்கொண்டுதானே இருக்கிறது? அதற்கு என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

சிந்த்வாராவில் நடந்தது என்ன?

மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் 2025 செப்டம்பரில் குழந்தைகள் அடுத்தடுத்து இறக்கத் தொடங்கினர். பெரும்பாலானோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். முதலில் சாதாரண சளி, காய்ச்சல். சிரப் கொடுத்த சில நாட்களில் வாந்தி. அப்புறம் சிறுநீர் குறைந்து, நின்றே போனது. இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது 'கோல்ட்ரிஃப்' என்ற சிரப். தயாரித்தது சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மா. மத்தியப் பிரதேச அரசு கேட்டுக்கொண்டதை அடுத்து, தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம் மட்டுமே. அதாவது பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி விஷம்!

இந்த நச்சு எப்படி மருந்துக்குள் வருகிறது? மருந்துப் பொடியைக் கரைத்து சிரப் ஆக்க புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்கள் தேவை. மருந்துத் தரத்தில் இல்லாத மலிவு திரவத்தை வாங்கி, சோதிக்காமல் கலந்தால் டைஎத்திலீன் கிளைக்காலும் கூடவே உள்ளே வந்துவிடும். இது புதிதும் அல்ல. 1972-ல் சென்னை, 1986-ல் மும்பை, 2020 தொடக்கத்தில் ஜம்மு என்று இதே நச்சு நம் நாட்டில் பலமுறை உயிர் குடித்திருக்கிறது. 2022-ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்ததில் இந்தியாவில் தயாரான சிரப்கள் மீதுதான் சந்தேகம் விழுந்தது.

சரி, கலப்படம் இல்லாத சிரப் என்றால் கொடுக்கலாமா?

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "அந்தக் கம்பெனி மருந்து வேண்டாம், வேற நல்ல கம்பெனி குடுங்க" என்பது தீர்வு அல்ல. கைக்குழந்தைக்குச் சளி சிரப் என்பதே தேவையில்லாத ஒன்று.

கோல்ட்ரிஃப் லேபிளில் இருந்த மருந்துகள் மூன்று: பாராசிட்டமால், குளோர்பெனிரமைன், ஃபினைல்எஃப்ரின். சந்தையில் உள்ள பல சளி சிரப்களும் இதே கூட்டணிதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குளோர்பெனிரமைன் மூக்கு ஒழுகலைக் குறைக்கும், கூடவே தூக்கத்தையும் வரவைக்கும். மருந்து கொடுத்ததும் குழந்தை "நல்லா தூங்குது" என்று நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் அது சளி குறைந்ததால் வந்த தூக்கம் அல்ல, மருந்தின் மயக்கம். சின்னக் குழந்தைக்கு அந்த மயக்கமே மூச்சு விடுவதைப் பாதிக்கலாம்.

ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்பைத் திறப்பதற்காகச் சேர்க்கப்படுவது. வாய்வழி கொடுக்கும்போது இது மூக்கடைப்புக்குப் பலன் தருவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கே பலன் இல்லாத மருந்து. ஆனால் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் ஆபத்து இருக்கிறது.

மூன்றாவது பாராசிட்டமால். காய்ச்சலுக்குத் தனியாக ஒரு பாராசிட்டமால் சிரப்பும், சளிக்கு இதையும் கொடுத்தால், குழந்தைக்கு ஒரே மருந்து இரண்டு மடங்கு போகிறது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

அதனால்தான் ஃபினைல்எஃப்ரினும் குளோர்பெனிரமைனும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது, அதை லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 அக்டோபர் 3-ம் தேதி மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் இன்னும் தெளிவாகச் சொன்னது: 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது, 5 வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

கைக்குழந்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவஸ்தை?

நமக்கு மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவோம். பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. மூக்குத் துளையும் மிகச் சிறியது. கொஞ்சம் சளி காய்ந்து நின்றாலே போதும், சத்தம் பெரிதாகக் கேட்கும். பால் உறிஞ்சும்போது வாய் அடைபட்டிருப்பதால் மூச்சு விட மூக்கு ஒன்றுதான் வழி. அதுவும் அடைத்தால் குடிக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. மூக்கைச் சிந்தித் தள்ளவும் குழந்தைக்குத் தெரியாது.

காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறது, எடை கூடுகிறது, ஆனால் மூக்கில் 'கர் கர்' சத்தம் மட்டும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை. மூக்குத் துளை வளர வளர அது தானாகவே குறையும். உண்மையான ஜலதோஷம் என்றாலும் வைரஸால் வருவதுதான். 10 முதல் 14 நாட்களில் அடங்கிவிடும். ஆன்டிபயாட்டிக் அந்த நாட்களைக் குறைக்காது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதல் மருந்து உப்புநீர்தான். மெடிக்கல் ஷாப்பில் 'சலைன் நேசல் டிராப்ஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். லேபிளில் சோடியம் குளோரைடு 0.65 சதவீதம் என்று மட்டும் இருக்க வேண்டும். 'ஆக்ஸிமெட்டாசொலின்', 'சைலோமெட்டாசொலின்' என்று எழுதியிருந்தால் வாங்க வேண்டாம். இரண்டும் சொட்டு மருந்துதான், ஆனால் இவை கைக்குழந்தைக்கு ஆபத்தாகலாம். தொடர்ந்து விட்டால் அடைப்பு திரும்பவும் அதிகமாகும்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்கு அடியில் மடித்த துணியை வைத்தால் தலை லேசாகப் பின்னால் சாயும். ஒவ்வொரு துளையிலும் ஒன்று அல்லது இரண்டு சொட்டு. ஒரு நிமிடம் பொறுத்தால் காய்ந்த சளி இளகும். தும்மினால் நல்லது, வெளியே வந்துவிடும். மெல்லிய துணியால் துடைத்து எடுங்கள்.

இன்னும் தேங்கி நின்றால் ரப்பர் பல்ப் உறிஞ்சியைப் பயன்படுத்தலாம். முதலில் பல்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, நுனியை மூக்கின் வாசலில் மட்டும் வைத்து, மெதுவாக விட வேண்டும். ஆழமாக நுழைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் உள்சவ்வு வீங்கி, அடைப்பு இன்னும் கூடும். ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வையுங்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது? பால் கொடுப்பதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பு. பால் குடித்த உடனே செய்தால் வாந்தி எடுத்துவிடும். மூக்கடைப்பு இருக்கும் நாட்களில் ஒரே நேரத்தில் நிறையக் கொடுக்க முயற்சிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். விழித்திருக்கும்போது தோளில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம். ஆனால் தூங்கும்போது தலையணை வைத்து உயர்த்த வேண்டாம். சமமான படுக்கையில் மல்லாக்கப் படுப்பதுதான் பாதுகாப்பு.

எதையெல்லாம் செய்யக் கூடாது?

நம்ம வீடுகளில் பாட்டி வைத்தியம் அக்கறையில்தான் செய்யப்படுகிறது. ஆனால் சிலவற்றை நிறுத்தியே ஆக வேண்டும்.

குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது இரண்டும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். ஊதுபவரின் வாயில் உள்ள கிருமி நேரே குழந்தைக்குப் போகும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, சிகரெட் புகை எல்லாமே மூக்கின் உள்சவ்வை எரிச்சலாக்கி அடைப்பை நீட்டிக்கும். கற்பூரம் கலந்த தைலங்களை 2 வயதுக்குக் கீழ் தடவக் கூடாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம். ஆவி பிடிக்க வைத்தால் சூடு பட்டுவிடும் ஆபத்துதான் அதிகம். தேன், ஒரு வயது முடியும் வரை ஒரு சொட்டுகூட வேண்டாம்.

எப்போது உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்?

மூக்கு அடைப்பதைவிட மூச்சு திணறுவதுதான் ஆபத்து. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

2 மாதத்துக்குக் கீழ்: 60 அல்லது அதற்கு மேல்
2 மாதம் முதல் ஒரு வயதுக்குள்: 50 அல்லது அதற்கு மேல்
1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இந்த எண்ணிக்கை வந்தால் அது வெறும் மூக்கடைப்பு அல்ல. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூக்கு விடைப்பது, முனகல், உதடு நீலமாவது, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காதது, 6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் கழிக்காதது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது... இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-க்கு போன் பண்ணுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அன்றே காட்ட வேண்டும்.

இன்னொன்று. மூக்கடைப்பில் தொடங்கி, மூன்றிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் மூச்சுத்திணறலாக மாறும் 'பிராங்கியோலைட்டிஸ்' என்ற நுரையீரல் தொற்று கைக்குழந்தைகளிடம் அதிகம். "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்று விட்டுவிடாமல் அந்த நாட்களில் தினமும் எண்ணிப் பாருங்கள்.

வாரக்கணக்கில் விடவே இல்லை என்றால்?

பிறந்ததிலிருந்தே அடைப்பு, அழும்போது நிறம் திரும்பி, அமைதியானதும் நீலம் பாய்கிறது என்றால் மூக்கின் பின்பக்க வழி பிறவியிலேயே மூடியிருக்கலாம். இது அவசரம். பால் எதுக்களித்து மேலேறுவது, வீட்டுப் புகை, தொடர்ந்து வரும் ஜலதோஷம், கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு அடினாய்டு என வேறு காரணங்களும் உண்டு. தவழும் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால் மணியோ பட்டாணியோ உள்ளே போயிருக்கலாம். இவை எதற்குமே சளி சிரப் மருந்தல்ல.

விதி இருந்தும் பாட்டில் ஏன் கைக்கு வருகிறது?

சிந்த்வாராவுக்குப் பிறகு ஆலையின் உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது. சிரப்பை எழுதிக் கொடுத்த டாக்டரும் கைது செய்யப்பட்டார். பாட்டிலில் விஷம் இருப்பது டாக்டருக்கு எப்படித் தெரியும் என்று மருத்துவர் சங்கங்கள் எதிர்ப்பு தெரிவித்தன. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நச்சைக் கண்டுபிடிப்பது ஆலையின் பொறுப்பு, அரசு ஆய்வாளரின் பொறுப்பு.

ஆனால் அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. விஷமே இல்லாவிட்டாலும் அந்த வயதுக்கு அந்த சிரப் எதற்கு? 4 வயது எச்சரிக்கை பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் லேபிளில் கிடந்தால் எந்த அம்மா படிப்பார்? கடைக்காரர் குழந்தையின் வயதைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் விதி யாருக்காக? "மருந்தே எழுதல, இவர் என்ன டாக்டர்?" என்று நாம் அடுத்த கிளினிக்குக்குப் போகும்வரை, எழுதிக் கொடுக்கும் அழுத்தமும் குறையாது.

ஆலைகளைக் கண்காணிப்பது அரசின் வேலை; அது நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். போன முறை சளிக்கு வாங்கிய பாட்டில் பாதியோடு நின்றுகொண்டிருந்தால், கைக்குழந்தை உள்ள வீட்டில் அதற்கு இடமில்லை. அடுத்த முறை டாக்டர் "சிரப் வேணாம்மா, சலைன் விடுங்க, மூச்சை எண்ணுங்க" என்று சொன்னால் அவரை நம்புங்கள். சந்தேகம் இருந்தால் 104 சுகாதார உதவி எண்ணில் எந்த நேரமும் கேட்கலாம்.