நல்ல சாலைக்கு ஏன் மராமத்து?

சாலைப் பள்ளத்தால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ரூ.6 லட்சமும், காயமடைந்தவர்களுக்கு ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2½ லட்சம் வரையும் நஷ்டஈடு வழங்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வரவேற்கத்தக்க உத்தரவுதான். ஆயினும் நஷ்டஈடு என்பது உயிர் போன பின்னர் வருவது. 2022-ல் மட்டும் நாடெங்கும் சாலைப் பள்ளங்களால் 1,856 பேர் மாண்டதாக மத்திய அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. பள்ளமே விழாமல் தடுக்க வழி உண்டா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வழி உண்டு. தார்ச்சாலை ஒரே நாளில் பாழாவதில்லை. வெயிலில் காய்ந்து காய்ந்து தாரின் பசை குறைகிறது; மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றுகின்றன. அந்த விரிசல் வழியே மழைநீர் இறங்கி, அடியிலுள்ள ஜல்லிப் படுகையை இளக்குகிறது. அதன் மேல் லாரி ஏறும்போது பள்ளம் விழுகிறது. விரிசல் நிலையிலேயே தார் ஊற்றி அடைத்து, தார்க்குழம்பில் நுண்ஜல்லி கலந்து 4 முதல் 8 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்பூச்சு இட்டு, ஓரத்துக் கால்வாயையும் தூர் எடுத்துவிட்டால் சாலையின் ஆயுள் மேலும் சில ஆண்டுகள் நீளும். அடிப்படுகை கெட்ட பிறகோ, சாலையைத் தோண்டிப் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் ஏற்படும் செலவு வித்தியாசம் மலைக்க வைப்பது. வளர்முக நாடுகளின் சாலைகளை ஆராய்ந்து உலக வங்கி 1988-ல் வெளியிட்ட அறிக்கை, 1,200 கோடி டாலர் செலவிட்டு உரிய காலத்தில் பராமரித்திருந்தால் 4,500 கோடி டாலர் நஷ்டத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டது. பராமரிப்பை ஒத்திப்போடுவது சிக்கனமாகாது. வட்டிக்குக் கடன் வாங்குவதற்கே ஒப்பாகும்.

மகாராஷ்டிரத்தில் இந்தக் கடனின் வட்டி சற்று அதிகம். கொங்கணத்திலும் மலைத்தொடரிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டுகிறது. விதர்பா, மராத்வாடா பகுதிகளின் கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கிச் சாலையை உலுக்குகிறது. மேற்கு மாவட்டங்களில் மழை ஓய்ந்ததும் கரும்பு அரைவை தொடங்க, பாரமேற்றிய டிராக்டர்களும் லாரிகளும் அணிவகுக்கின்றன. பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பொறியியலார் கணக்கு. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த உச்சவரம்பை மத்திய அரசு 2018-ல் 11.5 டன்னாக உயர்த்தியது. அதே கணக்குப்படி, அந்த அளவுக்குப் பாரமேற்றினால் சேதம் சுமார் 60 சதவீதம் கூடும்.

மும்பையையும் நாக்பூரையும் இணைக்கும் 701 கிலோமீட்டர் சம்ருத்தி விரைவுச் சாலை 2025 ஜூனில் முழுமையாகத் திறக்கப்பட்டது. பெருமைப்படத்தக்க சாதனை அது. ஆனால் புதிய சாலைக்குத் திறப்பு விழா உண்டு. விரிசல் அடைப்பதற்கு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குண்டும் குழியுமான சாலை காத்திருக்க, பார்வைக்கு நன்றாக உள்ள சாலையில் தார் பூசினால், 'காண்ட்ராக்டருக்கு லாபம் தேடித் தருகிறார்கள்' என்று மக்கள் சந்தேகிப்பார்கள். அனுபவத்தில் பிறந்த அந்தச் சந்தேகத்தைக் குறைகூற முடியாது. அதைப் போக்க வேண்டியது அரசின் கடமை.

மழை முடிந்ததும் மாநிலச் சாலைகள் அனைத்தையும் அளந்து, எந்தச் சாலை எந்த நிலையில் உள்ளது, எதற்கு எப்போது எந்த வேலை, செலவு என்ன என்ற பட்டியலைத் தாலுகாவாரியாக வெளியிட வேண்டும். பட்ஜெட் மார்ச்சில் நிறைவேறி, கோடை டெண்டரிலேயே கழிந்தால், பணம் கைக்கு வரும்போது மழையும் வந்துவிடும். ஆகவே பராமரிப்புக்கென ஒதுக்கும் நிதி, வேறு செலவுக்குத் திருப்ப இயலாததாகவும் பல ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாகவும் இருத்தல் அவசியம். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், போட்ட காண்ட்ராக்டரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்ற விதி உண்டு. தமிழகத்தில் பொள்ளாச்சிக் கோட்டத்தில் சாலையின் தரத்தை அளவுகோலாகக் கொண்டு பணம் தரும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. எனவே இவை புதுமையான யோசனைகள் அல்ல.

பள்ளத்தைக் காரில் செல்பவர் ஒரு குலுக்கலாகவே உணர்கிறார். ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவருக்கு அது உயிர்ப் பிரச்னை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். அடுத்த மழைக்கு முன் எந்தெந்தச் சாலை காக்கப்படும் என்ற பட்டியலை அரசு வெளியிடட்டும். நஷ்டஈட்டுக்கு மனுப் போடும் குடும்பங்களின் எண்ணிக்கை அதனால் குறையும்.