பழைய புகைப்படமும் பதிவுப் புத்தகமும்

சென்ற இதழில் இப்பகுதியில் கூட்ஸ் வண்டிகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர், "எப்போதும் தண்டவாளத்தின் மீதே செல்கிறீர்களே, சற்றே கீழே இறங்கித் தெருவுக்கும் வரலாகாதா?" என்று கேட்டு எழுதியுள்ளார். அவருக்காக இம்முறை மோட்டார் வண்டியைப் பற்றி எழுதத் துணிகிறோம். நமக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

ஆயினும் மோட்டாருக்கும் நம் உத்தியோகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஹௌராவிலிருந்து பர்த்வானுக்குச் செல்லும் பிரதான மார்க்கத்தில், உத்தர்பாராவுக்கும் கொன்னகருக்கும் நடுவே ஹிந்த் மோட்டார் என்றொரு நிலையம் இருக்கிறது. கிராமத்தின் பெயரோ, கோயிலின் பெயரோ, மகானின் பெயரோ அன்று. ஒரு தொழிற்சாலையின் பெயர். 1942ஆம் ஆண்டில் தொடங்கி, குஜராத்தின் ஓகா துறைமுகத்தருகே தொழில் நடத்திய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948இல் ஹூக்ளி நதியின் மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்தது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே அம்பாஸடர் கார் உற்பத்தி நின்றுவிட்டது. நிலையத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. அவ்வூருக்குச் சீசன் டிக்கெட்டு எழுதிக் கொடுக்கும் போதெல்லாம், இல்லாத ஒன்றின் பெயரை எழுதுகிறோமே என்று தோன்றும். அடுத்தவர் ஜன்னலில் கை நீட்டியதும் அந்த நினைவு போய்விடும்.

விஷயத்துக்கு வருவோம். கல்கத்தாவில் பழைய மோட்டார் வண்டிகளின் மீது பிரியம் வைத்தவர்கள் அநேகர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை அறுபதுகளிலிருந்தே நடத்திவந்த பழங்கார் பவனியை நம் அன்பர்கள் பலர் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சென்று பார்த்திருப்பார்கள். பவனி நாளில் வண்டிகளைப் பார்க்கலாம். அவ்வண்டிகளை உடையவர்கள் எத்தகையவர்கள் என்பதை அறிய, அவர்கள் பவனியில்லாத நாளில் கூடிப் பேசுவதைக் கேட்க வேண்டும். அத்தகைய சந்தர்ப்பம் நமக்குச் சென்ற மார்கழியில் வாய்த்தது.

லேக் மார்க்கெட் பகுதியில் வசிக்கும் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பத்தைந்து. அவருடைய அண்டை வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வங்காளி எஞ்சினீயர், 1961ஆம் ஆண்டு அம்பாஸடர் ஒன்றை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர். பவானிப்பூரில் ஒரு சர்தார்ஜியின் மோட்டார்ப் பட்டறையில் ஞாயிறு காலையில் நண்பர்கள் கூடுவார்கள் என்றும், வந்தால் பொழுது போகும் என்றும் அவர் பெரியவரை அழைத்தார். பெரியவருக்கு முழங்கால் வலி. துணைக்கு நாம் சென்றோம். வங்காளி நண்பர் அவரை "தாதா" என்று அழைப்பார். நாமோ "தாத்தா" என்போம். வங்காளியில் தாதா என்றால் அண்ணன் என்று பொருள். ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டு தலைமுறை குறைந்துவிடுவதில் பெரியவருக்கு மிகுந்த சந்தோஷம்.

பட்டறையில் தேநீர் வந்தது. பேச்சு மல்லிக் பஜாரில் பழைய சாமான் கிடைக்கும் விலையைப் பற்றி நடந்துகொண்டிருந்தது. அப்போது வங்காளி நண்பர் ஒரு காகித உறையிலிருந்து புகைப்படம் ஒன்றை எடுத்து மேஜைமீது வைத்தார். பழைய ஆல்பம் ஒன்றை ஏலத்தில் எடுத்தபோது அதில் கிடைத்ததாம். சௌரங்கிப் பக்கத்திலிருந்த ஒரு மோட்டார் விற்பனைக்கூடத்தின் முகப்பு. கண்ணாடிக் கதவு திறந்திருக்கிறது. வாசலில் மாலை போட்ட கார் ஒன்று நிற்கிறது. இடது ஓரத்தில் சில மனிதர்கள். வலது ஓரத்தில் ஒரு தேநீர்க் கடையின் பாதி.

பிறகு அரைமணி நேரம் அங்கே நடந்த விவாதத்தைக் கேட்க வேண்டும்! நம் காரியாலயத்தில் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால்கூட இத்தனை சிரத்தையாகத் தேடமாட்டோம். "இது லாண்ட்மாஸ்டர்" என்றார் ஒருவர். 1954இல் உத்தர்பாராவில் வெளிவந்த வண்டி அது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு இரண்டாம் வரிசையின் நகல். சர்தார்ஜி பூதக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். "பானெட்டைப் பாருங்கள், மேலே வரிவரியாகப் பள்ளம் ஓடுகிறது. லாண்ட்மாஸ்டருக்கு வழவழப்பான பானெட். பின்பக்கத்து ஓரம் மீன் செதிளைப் போல எழும்பி நிற்பதையும் பாருங்கள். இது ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை, அதாவது அம்பாஸடர்" என்றார். அம்பாஸடர் 1957-58இல் வந்தது. ஆகவே அதற்கு முந்திய படமாக இருக்க முடியாது. 1962இல் இரண்டாம் மாதிரி வந்தபோது முகப்புக் கிரில்லை மாற்றினார்கள். படத்தில் இருப்பது பழைய கிரில். ஆகவே அதற்குப் பிந்தியதும் அன்று. பக்கவாட்டு வால்வு எஞ்சினா, 1959இல் வந்த 1489 சி.சி. மேல்வால்வு எஞ்சினா என்ற கேள்வியும் எழுந்தது. மூடியிருக்கும் பானெட்டுக்குள் எஞ்சினைப் பூதக்கண்ணாடியால் தேடுவது எப்படி என்று நமக்கு விளங்கவில்லை. அவர்கள் தேடத்தான் செய்தார்கள்.

நாமும் நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். தேநீர்க் கடைப் பலகையில் விலை நயா பைசாவில் எழுதியிருந்தது. தசமக் காசு 1957 ஏப்ரல் முதல் தேதி வந்தது. 'நயா' என்ற அடைமொழி 1964 ஜூனில் போயிற்று. ஆக, காரை வைத்து அவர்கள் கண்ட காலத்தைத் தேநீரும் ஒப்புக்கொண்டது. சர்தார்ஜி நம் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தோள்வலி இரண்டு நாள் இருந்தது.

படத்தை என்ன செய்யப் போகிறார் என்று ஒருவர் கேட்டார். பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அடுத்த பவனியில் தம் வண்டியருகே வைக்கப் போவதாக வங்காளி நண்பர் சொன்னார். சட்டம் போடுகிறவனுக்கு அடையாளமாக மெழுகுப் பென்சிலால் படத்தின் மீது இரண்டு கோடுகளும் போட்டிருந்தார். வலக்கோடு தேநீர்க் கடையை நீக்கியது. இடக்கோடு மனிதர்களை நீக்கியது. "இவர்கள் நடுவில் வந்து வண்டியின் அழகைக் கெடுக்கிறார்கள். அதிலும் இந்த ஆள் தலையைத் திருப்பிவிட்டதால் முகமே கலங்கியிருக்கிறது" என்றார்.

பெரியவர் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தமிழில், நம்மிடம் மட்டும், "தம்பி, இது எங்கள் அண்ணா" என்றார்.

படத்தில் அந்த மனிதர் வேஷ்டியும் கோட்டும் அணிந்து, கக்கத்தில் ஒரு பெரிய புத்தகத்தை இடுக்கிக்கொண்டு நிற்கிறார். காமிராவைப் பார்க்காமல் யாரோ கூப்பிட்ட திசையில் திரும்பியிருக்கிறார். முகம் தெளிவில்லை. நிற்கும் சாய்விலும் புத்தகத்தை இடுக்கிய விதத்திலும் பெரியவர் கண்டுகொண்டாராம்.

அந்தப் புத்தகம் இன்னதென்று இக்காலத்து இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டிக் கொடுப்பது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்கிறவர்களுக்கே இடமுண்டு என்று 1953இல் அரசாங்கம் முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்றே நிறுவனங்கள் கார் செய்தன. செய்ததோ கொஞ்சம், வேண்டியவர்களோ ஏராளம். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். 1959இல் கார் விநியோகத்துக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. விற்பனையாளர் பெயர்களை வந்த வரிசையில் பதிய வேண்டும். பதிந்த வரிசையில் வண்டி கொடுக்க வேண்டும். அந்தப் பதிவுப் புத்தகத்தை எழுதிய குமாஸ்தாதான் பெரியவரின் தமையனார்.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து தமையனார் முதலில் வந்தார். பிறகு 1957இல், பள்ளியிறுதித் தேர்வு முடித்த பதினேழு வயதுத் தம்பியை மெட்ராஸ் மெயிலில் வரவழைத்துக்கொண்டார். தம்பிக்கு வேலை தேட வேண்டும். நம் ஜில்லாவைச் சேர்ந்த செல்வாக்குள்ள ஒருவர் ஒரு நாள் பழத்தட்டோடு வீட்டுக்கே வந்தார். தம்பியை ஒரு நல்ல கம்பெனியில் சேர்த்துவிடுவதாக வாக்களித்தார். பதிலுக்குக் கேட்டது சிறிய உதவி. அவருடைய பெயர் புத்தகத்தில் இருநூறாவது இடத்துக்கும் பின்னால் இருந்தது. அதை முன்னே கொண்டுவர வேண்டும்.

"அண்ணா பழத்தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 'பதிந்த இரண்டு வரிகளுக்கு நடுவே மூன்றாவது வரி எழுத இடமில்லை, மன்னிக்க வேண்டும்' என்றார். அவர் போனார், என் வேலையும் போயிற்று. எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். அந்த எட்டு மாதமும் அண்ணாவோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே பேசாமல் இருந்தேன், தம்பி."

பிறகு வேலை கிடைத்தது. பேச்சும் வந்தது. பழைய பேச்சாக வரவில்லை என்கிறார். தமையனார் 1971இல் மாரடைப்பால் காலமானார். வருஷக் கணக்காகக் காருக்குப் பெயர் பதிந்தவர், டாக்ஸியில் தவிர வேறு எந்தக் காரிலும் ஏறியதில்லை. கல்யாணப் படத்தைத் தவிர அவருடைய படம் ஒன்றும் வீட்டில் இல்லை. அதிலும் பூரண அலங்காரத்தோடு யாரோ போல இருப்பாராம்.

இவ்வளவையும் நாம் இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்தது. நம் இந்தி ரயில்வே இந்தி. துயரத்துக்குப் போதுமான சொற்கள் அதில் இல்லை. ஆனாலும் விளங்கியிருக்க வேண்டும். சர்தார்ஜி, "பாபுஜி, என் தகப்பனாரின் பெயரும் அப்படி ஒரு புத்தகத்தில் ஐந்து வருஷம் கிடந்தது. எழுதுகிறவனைத் தினமும் திட்டுவார்" என்றார். பெரியவர் சிரித்துவிட்டார், கண்களைத் துடைத்தும் கொண்டார். வங்காளி நண்பர் படத்தை எடுத்து, கைக்குட்டையால் இடப்பக்கத்துக் கோட்டைத் துடைத்தார். மெழுகுப் பென்சில் ஆகையால் போய்விட்டது. சற்று யோசித்து வலக்கோட்டையும் துடைத்தார். "நயா பைசாவும் இருக்கட்டும்" என்றார் நம்மைப் பார்த்து.

அவர்கள் மறுபடியும் எஞ்சின் விவாதத்துக்குத் திரும்பினார்கள். பெரியவரிடம் கேட்டபோது, அண்ணா அந்த மேல்வால்வு வண்டியைப் பற்றி வீட்டில் பேசியது நினைவிருக்கிறது என்றும், பட்டறைக்காரர்கள் அதைப் புகழ்ந்தார்கள் என்றும் சொன்னார். அது தீர்ப்பாகுமா என்பதில் அபிப்பிராய பேதம் நீடித்தது. நாங்கள் புறப்படும் வரை முடியவில்லை.

தை பிறந்து பத்து நாள் கழித்துப் படத்தின் பிரதி ஒன்றை வங்காளி நண்பர் பெரியவருக்குக் கொடுத்தனுப்பினார். முழுப் படம்; ஓரம் எதுவும் வெட்டாத படம். பெரியவர் அதை நம்மிடம் கொடுத்து, தெருக்கோடி ஸ்டூடியோவில் அண்ணாவை மட்டும் பெரிதாக்கி வாங்கிவரச் சொன்னார். ஸ்டூடியோக்காரன், "இவ்வளவு நல்ல வண்டியை வெட்டச் சொல்கிறீர்களே!" என்று நம்மையே கோபித்துக்கொண்டான். இப்போது பெரியவர் வீட்டுச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. கக்கத்தில் புத்தகத்தோடு, எங்கோ திரும்பிய முகம். ஓரத்தில் அம்பாஸடரின் முன்விளக்கு ஒன்று மட்டும் தப்பி நிற்கிறது.