மிகையும் மறதியும்: ஓர் ஆடலிசைத் தொகுப்புப் பற்றிய விவாதம்

கலைப்படைப்பொன்றில் அளவு யாது, மிகை யாது என்னும் வினா மிகப் பழமையானது. அளவோடமைந்தது சிறந்தது, அளவு கடந்தது தாழ்ந்தது எனத் தீர்ப்புக் கூறிவிடுதல் திறனாய்வாளர்க்கு எளிது. அவ்வளவை வகுத்தவர் எவர், எத்தகைய வசதிகளோடு அல்லது வசதியின்மையோடு அதனை வகுத்தனர் எனக் கேட்கத் தொடங்கும்போதே விவாதம் பயனுடையதாகின்றது. பிரான்சைச் சேர்ந்த டாஃப்ற் பங்க் என்னும் இருவர் குழு 2013 மே மாதத்தில் வெளியிட்ட ‘றண்டம் அக்செஸ் மெமரீஸ்’ என்னும் இசைத்தொகுப்புப் பற்றிய விவாதம் இத்தகையது. தோமஸ் பங்கல்ற்றர், கீ-மனுவெல் டி ஓமெம்-கிறிஸ்ரோ ஆகிய அவ்விருவரும் 2021 பெப்ரவரியிற் குழுவைக் கலைத்துவிட்டனர். ஆயின் தாள வாத்திய ஒலிகள் நீக்கப்பட்ட வடிவமொன்றில் அத்தொகுப்பு 2023இல் மீண்டும் வெளிவந்தமை, ஆடலிசையின் உயிர் எங்கே உறைகின்றது என்னும் பழைய வினாவை மறுபடியும் எழுப்பியுள்ளது.

விவாதத்துக்குக் காரணமான செய்திகளை முதலில் நோக்குதல் வேண்டும். இக்குழுவினர் 1997இல் வெளியிட்ட ‘ஹோம்வேர்க்’ பரிசில் வீட்டு அறையொன்றிற் சில இயந்திரங்களைக் கொண்டு ஆக்கப்பட்டது. 2001இல் வந்த ‘டிஸ்கவரி’ பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளை வெட்டியும் ஒட்டியும் பெரும் மாளிகையொன்றை எழுப்பியது. 2013ஆம் ஆண்டுத் தொகுப்போ 13 உருப்படிகளும் 74 நிமிடங்களும் கொண்டது. அதில் ‘கொன்ராக்ற்’ என்னும் இறுதி உருப்படியில் மாத்திரமே பிறருடைய பழைய இசைப்பதிவிலிருந்து எடுத்த துண்டு பயன்படுகின்றது. ஏனையவற்றுக்கு ஓமர் ஹக்கீம், ஜோன் றொபின்சன் ஆகிய தாளக் கலைஞரும், நேதன் ஈஸ்ற் என்னும் அடித்தொனிக் கிற்றார்க் கலைஞரும், ‘சிக்’ குழுவை நிறுவியோருள் ஒருவரான நைல் றொட்ஜர்சும், வாத்தியக் குழுவினரும், பாடகர் குழுவினரும் அழைக்கப்பட்டனர். பரிஸ், நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் நகரங்களின் பெயர்பெற்ற ஒலிப்பதிவுக் கூடங்கள் பயன்பட்டன. சிக்கனம் என்னும் சொல்லுக்கு இங்கு இடமேயில்லை.

இத்தொகுப்பைக் குறைகூறுவோரின் வாதம் வருமாறு: ஆடலிசை என்பது ஆடுவோருக்கு உரியது, இடையறாத் தாளமும், திரும்பத் திரும்ப வருதலும், எளிமையுமே அதன் இலக்கணம், எட்டு நிமிடப் பாட்டில் நாடகமும் வாத்தியக் குழுவும் புகுந்துவிட்டால் அது செல்வந்தரின் வரவேற்பறை அலங்காரமாகிவிடும். தூய்மையின் பேராற் பேசும் இவ்வாதம் வரலாற்றை அறியாதது. ஹவுஸ் இசையின் தாயாகிய டிஸ்கோ, தோன்றிய நாளிலேயே ஆடம்பரமானது. பிலடெல்பியாவின் எம்.எவ்.எஸ்.பி. குழுவில் முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர் இருந்தனர். சல்சூல் வாத்தியக் குழுவும் அவ்வாறே வயலின்களும் ஊதுகருவிகளும் நிறைந்து ஒலித்தது. அந்நிறைவைக் கேட்டே நியூயோர்க்கின் ஆடற்கூடங்களில் எளிய மக்கள் விடியும்வரை ஆடினர். வறியவர் ஆடுமிடத்தில் வறிய இசையே ஒலித்தல் வேண்டும் என்பது அவர்மீது கொண்ட அன்பினாற் பிறந்த கருத்தாகாது.

மேலும் இத்தொகுப்பில் மிகை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதும் நோக்கற்பாலது. ‘ஜோர்ஜியோ பை மொறோடர்’ ஒன்பது நிமிடங்கள் செல்வது. இத்தாலியரான இசையமைப்பாளர் ஜோர்ஜியோ மொறோடர் தமது இளமைக்காலத்தையும் சிந்தசைசரைக் கண்டடைந்த வரலாற்றையும் பேச்சுக் குரலிலே கூறுகின்றார். அவர் அவ்வியந்திரத்தின் துடிப்பைக் குறிப்பிடும்போது ஒரு துடிப்பொலி தொடங்குகின்றது. அதன்மேல் ஓர் இழை. பின் மின்பியானோவின் ஜாஸ் ஓட்டம். பின் நரம்புக் கருவிகளின் பேரலை. ஈற்றில் ஹக்கீமின் தாளம் கட்டவிழ்ந்து பாய்கின்றது. யாவும் ஓய்ந்தபின் அத்துடிப்பொலியே எஞ்சுகின்றது. ‘ரச்’ என்னும் உருப்படியோ இன்னும் துணிவானது. ‘பாந்தம் ஒவ் த பரடைஸ்’ என்னும் 1974ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கு இசையமைத்து நடித்தவரும், அப்படத்தை இளமையிற் பலமுறை கண்டு வியந்த இவ்விருவரின் மதிப்புக்குரியவருமான போல் வில்லியம்ஸ், அதில் முதுமை தோய்ந்த குரலிற் பாடுகின்றார். ஊதுகருவிகளின் கொண்டாட்டமும் பாடகர் குழுவின் வேண்டுதலும் அக்குரலைச் சூழ்ந்து எழுந்து, ஈற்றில் அதனைத் தனியே விட்டு அகல்கின்றன. இங்கு மிகை தனிமையின் ஆழத்தைக் காட்டும் கருவியாகின்றது. நிரம்பிய மண்டபம் வெறுமையானாலன்றி அவ்வெறுமை புலப்படாது.

எனவே மிகை என்னும் குற்றச்சாட்டு நிலைபெறாது. ஆயினும் இத்தொகுப்பைப் போற்றுவோர் அதற்குக் கூறும் நியாயம், பழிப்போரின் வாதத்திலும் கேடு விளைப்பதாகும். கணினியில் ஆக்கப்படும் இசை உயிரற்றது. மனிதக் கைகள் வாசிக்கும் கருவிகளே இசைக்கு உயிர் தருவன. டாஃப்ற் பங்க் அவ்வுயிரை மீட்டுத் தந்தது என்பதே அந்நியாயம். தொகுப்பின் முதல் உருப்படிக்கு, இசைக்கு மீண்டும் உயிரளிக்குமாறு கோரும் தலைப்பே இடப்பட்டுள்ளது. மின்னியல் இசை தன் உயிர்ப்பை இழந்துவிட்டதெனும் பொருள்பட அவ்விருவரும் அக்காலத்து நேர்காணல்களிற் பேசியதும் உண்டு. இசைக்கு உயிர் போனது எப்போது? அதனைப் போக்கியவர் எவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் சிக்காகோ நகருக்குச் செல்லல் வேண்டும்.

1979 ஜூலை 12ஆம் நாள் அந்நகரின் கொமிஸ்கி விளையாட்டரங்கில், இரு பேஸ்போல் ஆட்டங்களுக்கு இடையே, டிஸ்கோ இசைத்தட்டுகள் குவித்து வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தட்டொன்றைக் கொண்டுவருவோருக்கு நுழைவுக் கட்டணம் 98 சதம் மாத்திரமே. ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் திரண்டனர். திடலுட் புகுந்து அதனைச் சிதைத்தனர். இரண்டாம் ஆட்டம் நடைபெறவில்லை. அன்று அரங்கிற் பணியாளாக நின்ற வின்ஸ் லோறன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், வந்தவர்கள் வீசிய தட்டுகளுட் பல டிஸ்கோவே அல்லவென்றும், கறுப்பின மக்களின் இசை என்பதே அவற்றுக்குப் பொதுவாயிருந்தது என்றும் பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார். இந்த வெறுப்பின் பின்னர் டிஸ்கோவின் சந்தை விரைந்து சரிந்தது. நிறுவனங்கள் கையை விரித்தன. வாத்தியக் குழுக்களை அமர்த்தப் பணம் தருவார் இலர்.

அவ்வெற்றிடத்திலேயே ஹவுஸ் இசை பிறந்தது. பெரும்பாலும் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்கருமான ஒருபால் விருப்பினர், சமூகம் மறுத்த ஆறுதலைத் தேடிக் கூடிய ‘வெயர்ஹவுஸ்’ என்னும் கூடத்தில், பிராங்கி நக்கிள்ஸ் பழைய டிஸ்கோத் தட்டுகளை நீட்டியும் வெட்டியும் தாளப்பொறியோடு இணைத்தும் ஒலிக்கச் செய்தார். அதே வின்ஸ் லோறன்ஸ், ஜெசி சோண்டேர்சுடன் சேர்ந்து 1984இல் ‘ஒன் அண்ட் ஒன்’ என்னும் தட்டை வெளிக்கொணர்ந்தார். றொலண்ட் நிறுவனத்தின் ரி.பி.-303 என்னும் சிறு பெட்டி, பயிற்சி செய்யும் கிற்றார்க் கலைஞருக்கு அடித்தொனித் துணையாகுமென விற்பனைக்கு வந்து, எவரும் வாங்காமையால் 1984இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பழைய பொருட்கடைகளில் மலிவாகக் கிடைத்த அதனைச் சிக்காகோவின் ‘பியூச்சர்’ குழுவினர் முறைமாறித் திருகி, 1987இல் ‘அசிட் ட்ராக்ஸ்’ என்னும் புதுமையைப் படைத்தனர். வாத்தியக் குழுவை அமர்த்த வழியற்றோர், பிறர் வீசியெறிந்த பொறியைக் குழைந்து பாடச் செய்தனர். இதனை உயிரற்றது எனத் தள்ளுவோர், உயிர் என்பதைச் செல்வத்தின் மறுபெயராக்குகின்றனர்.

வியப்புக்குரியது யாதெனில், இத்தொகுப்பே அம்முழக்கத்துக்கு எதிராகச் சான்று பகர்கின்றது என்பதாம். தொகுப்பின் நடுநாயகமாக வைத்துப் போற்றப்படும் மொறோடர் யாவர்? டொனா சமர் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’ என்னும் பாடலை 1977இற் பீற் பெலொற்றியுடன் சேர்ந்து ஏறத்தாழ முழுவதும் சிந்தசைசரால் ஆக்கி, இயந்திரம் மனித உடலை ஆட்டுவிக்கும் என மெய்ப்பித்தவர். தொகுப்பிற் பல இடங்களிற் கேட்கும் இயந்திரமொழிக் குரல்கள் யாருடையவை? தலைக்கவசம் அணிந்து தம்மை இயந்திர மனிதராகக் காட்டிக்கொண்ட அவ்விருவருடையவையே. கலைஞர்களின் வாசிப்பு நாடாவிற் போலவே கணினியிலும் பதியப்பட்டு, அங்கேயே வெட்டித் தொகுக்கப்பட்டது. ‘டூயின் இற் றைற்’ என்னும் உருப்படி முற்றாக மின்னியலாக்கம் எனலாம். கையும் பொறியும் பிரிக்கவியலாதவாறு கலந்தமையே இத்தொகுப்பின் வலிமை. படைப்பு சரியாகச் செய்ததை அதன் முழக்கம் பிழையாகக் கூறிற்று.

ஈண்டு ஒரு மறுப்பு எழக்கூடும். இவ்விருவரும் தம் முன்னோரை மறந்தவர் அல்லர். 1997இல் ‘ரீச்சர்ஸ்’ என்னும் உருப்படியிற் சிக்காகோக் கலைஞர் பலரின் பெயர்களை வரிசையாக உச்சரித்தவர்கள். 2013ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் நியூ ஜேர்சியின் ஆடலிசைக் கலைஞரான ரொட் எட்வேர்ட்ஸ் பாடியுள்ளார். 1979இன் வெறுப்பினால் வீழ்த்தப்பட்ட நைல் றொட்ஜர்சை உலக மேடைக்கு மீட்டவர்களும் இவர்களே என்பர். இவை யாவும் உண்மை. றொட்ஜர்சுக்குக் கிடைத்த மதிப்புக் காலந்தாழ்ந்த நீதியுமாகும். ஆனால் ‘நினைவுகள்’ எனப் பெயரிட்ட தொகுப்பு, டிஸ்கோவின் பொற்காலத்தை எழுத்துக்கெழுத்து நினைவுகூர்ந்துவிட்டு, அதன் சாம்பலிலிருந்து மலிவான பொறிகளோடு எழுந்தவர்களின் காலத்தைப் பெரிதும் தாண்டிச் செல்கின்றது. அந்த இடைவெளியிலேதான் டாஃப்ற் பங்கே பிறந்தது. 2014 ஜனவரியில் இத்தொகுப்பு ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிறமி விருதைப் பெற்றது. அதே ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பிராங்கி நக்கிள்ஸ் காலமானார். இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே இரு மாதங்களே. இயந்திர இசையின் உயிர் போயிற்று என்ற பேச்சு விருது மேடைவரை சென்ற காலத்தில், அவ்விசைக்கு உயிரூட்டிய முன்னோடி ஒருவர் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்தார் என்பது மனங்கொளத்தக்கது.

ஆகவே இத்தொகுப்பை இரு திறத்தாரிடமிருந்தும் மீட்டல் அவசியமாகின்றது. ஏழ்மையைத் தூய்மையெனப் பாராட்டுவோர், தேவையினாற் பிறந்த சிக்கனத்தைச் சட்டமாக்கிக் கலைஞனின் கையைக் கட்டுகின்றனர். செழுமையை உயிரெனப் பாராட்டுவோர், வசதியற்றோரின் கண்டுபிடிப்பை வரலாற்றிலிருந்து நீக்குகின்றனர். நிறைவான இசையை நாடும் உரிமை எல்லாக் கலைஞருக்கும் உண்டு. அந்நிறைவுக்கு வழிசமைத்தவர் யாரென்பதைச் சொல்லும் கடமையும் அவ்வுரிமையோடு கூடவே வருகின்றது. 2013ஆம் ஆண்டுத் தொகுப்பின் இசை அக்கடமையைப் பல இடங்களில் நிறைவேற்றுகின்றது. அதனைச் சூழ்ந்தெழுந்த பேச்சு நிறைவேற்றவில்லை. இசையை ஏற்றுப் பேச்சை மறுத்தலே நேர்மையான திறனாய்வாகும்.