நஞ்சு ஒன்றா, இரண்டா?

என் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ட்வின்ஸ்’ என்று பெரிய எழுத்தில் போட்டு அடியில் கோடும் இழுத்திருந்தார்கள். சிதம்பரத்தில் எங்கள் தெரு முழுக்கச் சேதி பரவ அரை நாள் ஆகவில்லை. ரெட்டை வாழைப்பழம் தின்றாயா என்று கேட்காத ஆள் இல்லை. நான் தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எனக்கும் அந்தச் சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

5 வாரம் கழித்து, கூட வேலை பார்க்கும் டீச்சர் சொன்னதால் கடலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “நஞ்சு ஒண்ணா, ரெண்டாம்மா?” என்று நஞ்சுக்கொடியைப் பற்றிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட்டிலும் இல்லை. 12-ஆம் வாரத்தில் எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி விட்டுப்போயிருந்தது. 17-ஆம் வாரத்தில் அதை அவரே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் தேட வேண்டியதாயிற்று. இரண்டு பனிக்குடம், நடுவே நூலிழை போல ஒரு சவ்வு. நஞ்சு ஒன்றுதான்.

ரெட்டைப் பிள்ளை என்றால் எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. பிள்ளைக்கொரு நஞ்சு இருந்து, வேறு சிக்கலும் இல்லாவிட்டால், 4 வாரத்துக்கு ஒரு ஸ்கேன் போதும். ஒரே நஞ்சில் இரண்டும் வளர்ந்தால் 16-ஆம் வாரத்திலிருந்து 2 வாரத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். அந்த நஞ்சுக்குள் இருவரின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். இப்படிக் கருவுற்றவர்களில் 100-க்கு 10 முதல் 15 பேருக்கு ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்கு ஒருபக்கமாகப் பாயத் தொடங்கிவிடும். கொடுக்கும் பிள்ளையின் பனிக்குடத்தில் நீர் வற்றும். வாங்கும் பிள்ளைக்கு நீர் பெருகி, இதயம் திணறும். தாய்க்கு வயிறு திடீரென்று உப்பும், மூச்சு வாங்கும். ரெட்டை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் கருப்பைக்குள் லேசர் செலுத்தி அந்தக் குழாய்களை அடைக்கலாம். சென்னையில் செய்கிறார்கள். நீரை மட்டும் உறிஞ்சி எடுப்பதைவிட லேசர் சிகிச்சையில் அதிகப் பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்பதை ஐரோப்பிய மருத்துவர்களின் ஆய்வு 2004-லேயே காட்டிவிட்டது. பாராமல் விட்டால் இரண்டு உயிரும் போகலாம்.

எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. வேறொன்று வந்தது. நஞ்சின் பங்கு சமமாக அமையாததால், 25-ஆம் வாரத்தில் சின்னவள் வளர்ச்சியில் பின்தங்கியிருந்தாள். அதன் பிறகு வாராவாரம் அவளது கொப்பூழ்க்கொடியில் ரத்த ஓட்டம் பார்த்தார்கள். 17-ஆம் வாரத்திலிருந்து 33-ஆம் வாரம் வரை 13 முறை போனேன். காலை ஆறு மணி வண்டி. வெள்ளாற்றுப் பாலம், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், பிறகு கடலூர். மகளிர் இலவசப் பயணம் நகரப் பேருந்துக்குத்தான். இந்தப் பாதையில் ஓடும் வெளியூர் வண்டியில் சீட்டு வாங்க வேண்டும். துணைக்கு வந்த அத்தைக்கும் சீட்டு. அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. “இத்தனை வாட்டி ஸ்கேன் எடுத்தா புள்ளைங்களுக்கு ஆவாதும்மா” என்று ஒவ்வொரு முறையும் கண் கலங்குவார். அது எக்ஸ்ரே இல்லை அத்தை, ஒலி அலைதான் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன். திட்டிக்கொண்டே என் பையைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த மனுஷி இல்லாவிட்டால் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

பள்ளியில் ஒவ்வொரு ஸ்கேன் நாளுக்கும் சம்பளம் பிடித்தார்கள். பேறுகாலத்துக்குச் சட்டம் 26 வாரம் விடுப்புத் தருகிறது. அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்க முடிவது 8 வாரம்தான். கர்ப்பத்தால் வரும் நோய்க்குக் கூடுதலாக ஒரு மாதம் உண்டு. ஸ்கேனுக்குப் போவது நோய் ஆகாது என்றார்கள். அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது.

2016 முதல் மத்திய அரசின் திட்டப்படி மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. நல்ல ஏற்பாடு, எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் ஒரு 9-ஆம் தேதிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மாதம் கிடக்கிறது. ஒரே நஞ்சில் வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடலாம். மஞ்சக்குப்பத்து அரசுத் தலைமை மருத்துவமனையும், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட அண்ணாமலை நகர் மருத்துவமனையும் வாரத்தில் ஒரு நாளை ரெட்டைப் பிள்ளைத் தாய்மாருக்கென்றே ஒதுக்க வேண்டும். காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் கிள்ளையிலிருந்தும் வருகிறவளுக்குப் பேருந்துக் கட்டணம் தர வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவளுக்கு அன்றைய கூலியும் தர வேண்டும். 13 நாள் கூலியை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒரு வரி. நஞ்சு எத்தனை என்பது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். நாளாக ஆகச் சவ்வு மெலிந்து, அடையாளம் மங்கிவிடும். நம் பக்கத்தில் இன்னமும் பல பெண்கள் ஐந்தாம் மாதத்தில்தான் முதல் ஸ்கேனுக்குப் போகிறார்கள். ஸ்கேன் அறையில் எதையும் கேட்கக் கூடாது என்ற பயம் வேறு. ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; தடுக்கவும் வேண்டும். நஞ்சு எத்தனை என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. கர்ப்பிணியின் அட்டையில் ரத்த வகைக்கு இருப்பது போல அதற்கும் ஒரு கட்டம் வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் அதைப் பார்த்தே அடுத்த தேதியைக் குறிக்கலாம்.

33-ஆம் வாரக் கடைசியில் சின்னவளுக்கு ரத்த ஓட்டம் குறைந்தது. பிள்ளைகளின் நுரையீரல் பலப்பட எனக்கு 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி போட்டார்கள். ஊசி முடிந்த அடுத்த நாள் ஆபரேஷன். பெரியவள் 1,900 கிராம், சின்னவள் 1,420. பத்தொன்பது நாள் நெஞ்சோடு அணைத்தே கிடந்தோம், ஒருத்தியை நான், ஒருத்தியை என் கணவர். இப்போது இருவரும் யூகேஜி போகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ரெட்டை என்று சொன்னால், ஸ்கேன் அறையை விட்டு வெளியே வருவதற்குள் நஞ்சு ஒன்றா, இரண்டா என்று கேளுங்கள். வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள். ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.